பன்னிரண்டு நாள் தூரத்துத் தீவு

என் தங்கச்சியின் தலைப்பிரசவம் என் வீட்டில்தான் நடக்கும் என்று, அவள் பெரியவளான அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தலைப்பிரசவம் தாய்வீட்டில். தாய் இல்லை, அக்கா நான் இருக்கிறேன். அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் அம்மா அவளைப் பெற்றுப் போட்ட பதினோராம் நாள் ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்தாள். மலாயாவில், ஈப்போ ஊரில், பள்ளிக்கூடம் நடத்திய ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸம்மா பங்களாவின் பின்கட்டில் அப்போது குடியிருந்தோம். அப்பா அங்கே தோட்டக்காரர். எனக்குப் பத்து வயது. அம்மாவின் பற்கள் கிட்டிப்போய், உடம்பு வில்லாக வளைந்ததை நான் கதவோரமாக நின்று பார்த்தேன். அதற்கப்புறம் குழந்தையை என் இடுப்பில் வைத்தார்கள். இறக்கி வைத்த ஞாபகம் எனக்கு இல்லை.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் அவளை வளர்த்தேன். ஒரு தும்மல் போட்டால் கசாயம். மழைத்துளி தலையில் பட்டால் திட்டு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பங்களாவுக்குப் பின்னால் ஒரு பத்து வயதுப் பெண் கைக்குழந்தையைச் சாகவிடாமல் வளர்க்க வேண்டுமென்றால், கோபப்படாமல் முடியுமா? அப்பாவும் போன பிறகு அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். நல்ல பையன். கீழ்ப் பேராக்கில், கடலை ஒட்டிய ஒரு தென்னந்தோட்டத்தில் கொப்பரை சூளையைப் பார்த்துக்கொள்பவன். தேங்காய்ப் பருப்பு சரியாகக் காய்ந்ததா இல்லையா என்று கையில் எடுத்து ஒடித்துப் பார்த்தே சொல்லிவிடுவான். அதிகம் பேசமாட்டான். அதனால்தான் எனக்குப் பிடித்தது.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. என் வீட்டுக்காரர் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணி. ஆபீசில் பேரேடு எழுதும் வேலை. அதனால் எங்கள் தலை தப்பியது. பால் மரம் வெட்டுகிற சனங்களுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. லாரி லாரியாக ஆட்களை ஏற்றிப் பினாங்குக்குக் கொண்டுபோய், நாகப்பட்டினத்துக் கப்பலில் தள்ளிவிட்டார்கள். பக்கத்தில் ஈயம் தோண்டுகிற லம்பச் சுரங்கங்களிலும் சத்தம் அடங்கிக் கிடந்தது. கொப்பரைக்கும் விலை இல்லை. தென்னந்தோட்டத்தில் ஆள் குறைத்தபோது, தங்கச்சியும் அவள் புருஷனும் ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஊரெல்லாம் வயிறு காய்கிறதே, இவளுக்கு என்ன சந்தோஷம் என்று கேட்பீர்கள். அவள் என் கண் முன்னால் இருந்தாள், அதுதான். காலையில் அவள் தலையை நானே வாரினேன். அவள் உலை வைத்தால் நான் போய்த் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுவேன், இல்லை கொஞ்சம் குறைப்பேன். ஒரு மாசத்தில் அவள் குளிக்காமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், மூன்று மாசத்துக்கு அவள் எதெதைத் தின்னக்கூடாது என்று நான் ஒப்பித்தேன். அவள் தலையைத் தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது.

எழுதியவர் அந்தத் தென்னந்தோட்டத்தில் முன்பு சின்னதுரையாக இருந்த வெள்ளைக்காரர். அவருக்கும் அங்கே வேலை போய், எங்கோ கிழக்குக் கடலில் ஒரு தீவில் தென்னந்தோப்பு நடத்தப் போயிருந்தார். கொப்பரை சூளை போட நம்பிக்கையான ஆள் வேண்டும், பெண்டாட்டியோடு வரலாம், மூன்று வருஷ ஒப்பந்தம், கப்பல் பயணத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார். உடனே கிளம்பினால்தான் உண்டு, இல்லாவிட்டால் சீனர்கள் யாரையாவது பிடித்துக்கொள்வாராம். கடிதம் இங்கிலீஷில். மிஸ்ஸம்மா புண்ணியத்தில் நான் ஐந்தாம் வகுப்பு வரை ஈப்போவில் படித்தவள். ஆகவே படித்துச் சொல்கிற வேலை என்னுடையது. சொல்லப்போனால், எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் சொல்கிற வேலையும் என்னுடையதுதான்.

வாசற்படியில் உட்கார்ந்து படித்தேன். தங்கச்சி, அவள் புருஷன், என் வீட்டுக்காரர் மூன்று பேரும் கேட்டார்கள்.

தீவு என்றால் ஒரு தீவுகூட இல்லை. கடலுக்குள் பவளப்பாறை வட்டமாக எழும்பி, அந்த வட்டத்தின் மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக மணல் திட்டுகள். நடுவிலே ஏரி போல அடங்கிய கடல், வெளியிலே அடிக்கிற கடல். "ஓட்டை வடை மாதிரி இருக்கும் போல," என்றேன். தங்கச்சி சிரித்தாள். வடையின் விளிம்பில்தான் சனங்கள் குடியிருக்கிறார்கள். இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு நடந்து போக வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம் போதுமாம். ஆறு கிடையாது. மலை கிடையாது. மேடு என்று சொன்னால் ரெண்டு ஆள் உயரம். மண்ணே கிடையாது என்றால் பாருங்களேன்! பாறைப்பொடியும் மணலும்தான். ஆளுயரத்துக்குக் குழி தோண்டி, அடியில் ஈரம் கண்டதும் அதில் இலையும் சருகும் போட்டு மக்கவைத்து, அந்தச் சேற்றிலே சேப்பங்கிழங்கு மாதிரி ஒரு கிழங்கு நடுகிறார்களாம். அந்தக் குழிகளைப் பாட்டன் தோண்டியது, பூட்டன் தோண்டியது என்று பரம்பரையாக வைத்துக் காப்பாற்றுகிறார்கள். குடிக்க மழைத்தண்ணீர். தென்னை மரத்தடியில் குடைந்து வைத்த பள்ளத்தில் தேங்குவதையும் மொண்டு குடிப்பார்களாம்.

"தண்ணியுமா இல்ல?" என்றேன் நான்.

"இளநி இருக்குல்ல அண்ணி," என்றான் தங்கச்சி புருஷன்.

"நீ பேசாம இரு தம்பி."

அரிசி விளையாது. மீன், தேங்காய், ஈரப்பலாக்காய், பன்றி, கோழி. பிடித்த மீனை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கொட்டி வீட்டுக்கு வீடு பங்கு வைப்பார்கள். பெண்கள் தாழை ஓலையில் பாயும் தொப்பியும் முடைவார்கள். வெளியே விற்கிற சரக்கு என்றால் கொப்பரை ஒன்றுதான். வருஷத்துக்கு மூன்று தடவையோ நாலு தடவையோ ஒரு பாய்மரக் கப்பல் வரும். கொப்பரையை ஏற்றிக்கொண்டு மாவு, மண்ணெண்ணெய், துணி, சவுக்காரம், புகையிலை எல்லாம் இறக்கிவிட்டுப் போகும். பெரிய புயல் ஒன்று அடித்து மரம் சாய்ந்தால், பல வருஷத்துக்குக் கொப்பரை இல்லை. கப்பலும் எட்டிப் பார்க்காது. வாலிபப் பையன்கள் பாதிப்பேர் வேறு தீவுகளுக்கு உரமண் வெட்டப் போய்விடுகிறார்கள்.

"ஒரே சாமானை நம்பிக்கிட்டு ஒரு ஊரா?" என்று நான் கடிதத்தை மடித்தேன். "காத்தடிச்சா பட்டினி. இதுக்கா போகணும்?"

தங்கச்சி புருஷன் வழக்கமாக என்னை எதிர்த்துப் பேசமாட்டான். அன்றைக்குப் பேசினான். "நாம மட்டும் எத்தன சாமானை நம்பி இருக்கோம் அண்ணி? இங்க ரப்பர். அங்க என் தோட்டத்துல கொப்பரை. காத்துகூட அடிக்கல. எங்கயோ ஒருத்தன் விலை இவ்வளவுதான்னான், நம்ம அடுப்பு அணைஞ்சிருச்சு."

என் வீட்டுக்காரர், "அது நியாயம்தான் லா," என்றார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

இங்கேயே இருந்தால் அவர்களையும் ஒரு நாள் லாரியில் ஏற்றுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நாகப்பட்டினத்தில் இறங்கினால் யார் முகத்தில் விழிப்பது? எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. அதனால் போவதா என்பதை விட, எவ்வளவு தூரம் என்பதுதான் எனக்குக் கேள்வி. தங்கச்சியிடம் கேட்டால், "நீ என்ன சொல்றியோ அதான்க்கா," என்றாள். வழக்கமான பதில். கடிதத்தில் தூரம் போடவில்லை. சிங்கப்பூரில் ஏறி, வேறு கப்பல் மாறி வரவேண்டும், மற்றதைப் பினாங்கு ஏஜெண்டு சொல்வார் என்று மட்டும் இருந்தது.

அட, தூரம் பார்க்க எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது மிஸ்ஸம்மா கொடுத்த தேசப்படப் புத்தகம் என் பெட்டியில் இருந்தது. எடுத்து விரித்தேன். தையல் நூலில் ஒரு முழம் அறுத்தேன்.

எங்கள் சனங்களுக்குக் கடல் தூரம் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு, ஏழு நாள். ஆறு வயதில் நானே வாந்தி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் எந்தத் தூரத்தையும் அந்த ஏழு நாளை வைத்துத்தான் சொல்வார்கள். நானும் அப்படியே செய்தேன். இந்துமாக்கடல் இருக்கிற பக்கத்தில் நூலின் ஒரு முனையை நாகப்பட்டினத்தில் தங்கச்சி விரலால் அழுத்திப் பிடித்தாள். நான் பினாங்கு வரை இழுத்தேன். ஒரு சாண். பிறகு பக்கத்தைப் புரட்டி, கிழக்குக் கடல் படத்தில் சிங்கப்பூரிலிருந்து இழுத்தேன். அந்தத் தீவு பொட்டு வைத்த மாதிரிகூட இல்லை, எறும்பு கடித்த தடம் போல ஒரு புள்ளி. ஒன்றே முக்கால் சாண் வந்தது.

"பன்னிரண்டு நாள்!" என்றேன். "இவ்வளவுதானா! நான் என்னமோன்னு பயந்து செத்தேன்."

தங்கச்சி நூலை விட்டுவிட்டு, "அப்ப பன்னிரண்டு நாள்தானாக்கா?" என்றாள்.

"படமே சொல்லுதே, அப்புறம் என்ன?"

உடனே என் திட்டம் தயார். இப்போது அவளுக்கு மூன்று மாசம். இவர்கள் போய் இறங்கட்டும். வீட்டை அவள் ஒழுங்கு பண்ணட்டும். மூன்று மாசத்துக்கு ஒரு கப்பல் வருகிறதே, அடுத்த கப்பலில் ஏறி, ஏழாம் மாசத்தில் இங்கே என் வீட்டில் வந்து இறங்கிவிட வேண்டும். வளைகாப்பு இங்கே. பிரசவம் இங்கே. குழந்தைக்கு ஆறு மாசம் ஆனதும் திரும்பிப் போகட்டும். "இதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் அனுப்புவேன்," என்றேன். தங்கச்சியும் அவள் புருஷனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

பினாங்கிலிருந்து கப்பல் சீட்டு வந்தது. நான் மும்முரமானேன். மிளகாய்த்தூள், மஞ்சள், புளி, காயம், நார்த்தங்காய் ஊறுகாய் என்று தகரப்பெட்டி நிறையக் கட்டினேன். அவர்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், கப்பலில் வாந்திக்கு ஏதாவது மருந்து வாங்கலாம் என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கிற டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனுஷர், ஒரு சொல்லைச் சொல்லுவதற்குள் கண்ணாடியை இரண்டு தடவை துடைப்பார். எத்தனை நாள் பயணம் என்று கேட்டார்.

"பன்னிரண்டு நாளுங்க. நானே அளந்தேன்," என்றேன் பெருமையாக.

"ஆர் சொன்னது பன்னிரண்டு?"

எப்படி அளந்தேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னார். ஓடிப்போய்க் கொண்டு வந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூலையில் ஒரு சின்னக் கோடு போட்டு, அதன் மேல் மைல் கணக்கு எழுதியிருந்தது. அத்தனை வருஷமாக அந்தக் கோட்டை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

"இந்த ரெண்டு படமும் ஒரே அளவில்லை, பிள்ளை," என்றார். "அந்தக் கடல் பெரிசெல்லோ. ஒரு தாளுக்குள்ள அடக்க வேணுமெண்டு சுருக்கிப் போட்டிருக்கினம். முந்தின படத்தில மூண்டு சாண் வாற தூரம், இதில ஒரு சாணுக்குள்ள வந்திடும். அதுவும் நேரா ஒரு கப்பலும் போகாது. ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்க காத்திருந்து, வேற தீவுக்குப் போய், அங்கயும் பாய்க்கப்பலுக்குக் காத்திருக்க வேணும். ரெண்டு மாசத்துக்குக் குறையாது."

நான் விரல் விட்டு எண்ணினேன். போய்ச் சேர்வதற்கே ஐந்து மாசம் முடிந்துவிடும். அடுத்த கப்பல் வரும்போது எட்டு முடிந்திருக்கும். அந்த வயிற்றோடு இரண்டு மாசக் கடல். பிள்ளை நடுக்கடலில், இல்லாவிட்டால் அந்த மணல் திட்டில். மருத்துவச்சி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, குடிக்கிற தண்ணீர்கூட மழை பெய்தால்தான். எனக்கு அம்மாவின் கிட்டிப்போன பற்கள்தான் கண் முன்னால் நின்றன. மருந்தை வாங்காமலே வந்துவிட்டேன்.

வீட்டில் தங்கச்சி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். என் மேல்தான் தப்பு என்றும் சொன்னேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வருவது அபூர்வம். "நீ போக வேணாம். அவன் முதல்ல போகட்டும். நீ இங்கயே பெத்துக்க. அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போ. நானே சிங்கப்பூர் வரைக்கும் வந்து ஏத்தி விடுறேன்," என்றேன்.

அவள் கையிலிருந்த வேட்டியை உதறிக் கொடியில் போட்டாள். ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும்னு. துரை தோட்டத்தை விட்டுப் போறப்பவே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. மூணு கப்பல் மாறணும், பொண்டாட்டிய கூட்டிட்டு வர்றதுன்னா யோசிச்சுக்கன்னு. இவரு வந்து அதை எங்கிட்ட சொன்னாரு. உங்கிட்ட சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

"அடிப்பாவி! நூலப் புடிச்சிக்கிட்டு எதிர்ல உக்காந்திருந்தியேடி!"

"ஆமா. நீ பன்னிரண்டுன்னதும் எனக்கு உசுரே வந்துச்சு."

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவளும் நகரவில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். உன்னை வளர்க்க நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா, அம்மா எப்படிச் செத்தாள் தெரியுமா, உனக்கு ஏதாவது ஆனால் அந்தத் தீவில் தூக்கிப் போட ஆள் இருக்கா என்றெல்லாம். பக்கத்து லயத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அவள் நான் ஓயும் வரை காத்திருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து வாசற்படியில் உட்காரவைத்தாள். அவள் என்னை உட்காரவைத்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா எப்படிச் செத்தாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. நீ சொன்னதில்ல. ஆனா எனக்கு ஒரு காய்ச்சல் வந்தா நீ பாக்கிற பார்வையில தெரியும். குளிக்காம இருக்கேன்னு தெரிஞ்ச நாள்லேந்து நீ தினமும் அப்படித்தான் பாக்குற. நான் ஏற்கெனவே செத்துட்ட மாதிரி. எனக்கு வலி வர்றப்ப உன் மூஞ்சிதான் எதிர்ல இருக்கும். அதைப் பாத்துக்கிட்டு என்னால பெத்துக்க முடியாதுக்கா. பயமா இருக்கு."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை. வீம்பு என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். வீம்பு கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மிச்சமெல்லாம் பயம்தான். உள்ளே போய் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டு, திருப்பி வைத்தேன்.

அவளைத் தடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கோப்பெங்கிலிருந்து பஸ்ஸில் ஈப்போ ஸ்டேஷனுக்குப் போனோம். சிங்கப்பூர் ரயில் வருவதற்கு நேரம் இருந்தது. அவளிடம் சொல்ல வேண்டியது ஆயிரம் இருந்தது: வெந்தயம் எந்தப் பொட்டலத்தில், பிள்ளை பிறந்ததும் வயிற்றை எப்படிக் கட்டுவது, பதினோராம் நாள் வரை ஜாக்கிரதை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரயில் கிளம்பும்போது அவள் ஜன்னலில் என் முகத்தையே பார்த்தாள். நான் சிரிக்க முயன்றேன். சரியாக வரவில்லை என்று எனக்கே தெரிந்தது.

பிறகு ஒன்றும் தெரியவில்லை. மாசங்கள் போயின. ரப்பர் விலை கொஞ்சம் ஏறியது. லயத்தில் புது ஆட்கள் வந்தார்கள். என் கணக்குப்படி அவளுக்குப் பத்தாம் மாசம் முடிந்த நாளிலிருந்து நான் சோறு சரியாகத் தின்னவில்லை. கோவிலுக்குப் போனால் சாமியோடும் சண்டைதான் போட்டேன். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

கடிதம் வந்தபோது குழந்தை பிறந்தே ஐந்து மாசம் ஆகியிருந்தது. அவள் சொல்லச் சொல்ல, துரை இங்கிலீஷில் எழுதியிருந்தார். நின்றபடியே படித்தேன். பெண் குழந்தை. இருவரும் சுகம். நஞ்சுக்கொடியைப் புதைத்த இடத்தில் ஒரு தென்னம்பிள்ளை நட்டிருக்கிறார்களாம். அந்த ஊரில் பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் அப்படித்தான். அந்த மரத்துக் கொப்பரை இனி குழந்தையின் பெயருக்கு. காலையில் வலி கண்டது, உச்சி வெயிலுக்கு முன்னால் பிறந்துவிட்டது. ஊர்ப் பெண்கள் எட்டு ஒன்பது பேர் பாயைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி முதுகைத் தாங்கினாள், ஒருத்தி எண்ணெய் தேய்த்தாள். அவர்கள் பேசுவது இவளுக்குப் புரியாது, இவள் பேசுவது அவர்களுக்குப் புரியாது. இவள் வலியில் "அக்கா" என்று கத்த, அது இவள் ஊரில் பிள்ளை பெறும்போது சொல்கிற மந்திரம் என்று நினைத்து எல்லாரும் கூடவே "அக்கா, அக்கா" என்று கத்தினார்களாம். அதைக் கேட்டு வலிக்கு நடுவில் இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவள் சிரிப்பதைப் பார்த்து அவர்களும் சிரித்து, குழந்தை வெளியே வரும்போது பாயைச் சுற்றி ஒரே சிரிப்பாக இருந்ததாம்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் பதறிப்போய், என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார். நல்ல சேதிதான் என்று கடிதத்தை அவரிடம் நீட்டினேன். அப்புறம் ஏன் அழுகிறாய் என்றார். அந்தப் பாயைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருந்தால் அங்கே ஒருத்தியும் சிரித்திருக்கமாட்டாள் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?